பன்னிரண்டு போதும், ஆடுமிடத்தை மாற்றுங்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தை, அதாவது நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டத்தை, பற்றியவை. ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகம் இருக்கும் கொலம்பஸ் நகரில் பல ஆண்டுகளாக வசிக்கும் எனக்கு இதைவிடப் பிடித்த பேச்சு வேறு இல்லை. ஆகவே இம்முறை மற்ற விளையாட்டுகளுக்கு விடுமுறை.

கேள்வி: தேசிய சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃப் சுற்றுகளில் முதலில் 4 அணிகள், இப்போது 12. அடுத்து 16 என்கிறார்கள், 24 என்கிறார்கள். உங்கள் கணக்கில் எத்தனை அணிகள் இருக்க வேண்டும்?
— ஒரு வாசகர், டல்லாஸ்

பதில்: பன்னிரண்டு. அதற்கு மேல் ஒன்றுகூட வேண்டாம்.

நான் பார்ப்பது இரண்டே விஷயங்கள்தான். ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்காத அணிக்குக் கதவு மூடப்படக் கூடாது. அதே நேரத்தில், நவம்பர் மாதத்துத் தோல்வி ஒன்று வலிக்க வேண்டும். பிளேஆஃபுக்கு முன்பு இறுதிப் போட்டி மட்டுமே இருந்த 2 அணி ஏற்பாடும், பிறகு வந்த 4 அணி ஏற்பாடும் முதல் நிபந்தனையில் தோற்றுவிட்டன. 24 அணிகள் வந்தால் இரண்டாவது நிபந்தனை செத்துவிடும்.

2006 நவம்பர் 18 அன்று இதே ஊரில் முதலிடத்தில் இருந்த ஒஹாயோ ஸ்டேட்டும் இரண்டாமிடத்தில் இருந்த மிச்சிகனும் மோதின. 42-39 என்று ஒஹாயோ ஸ்டேட் வென்றது. அந்த மூன்று புள்ளிகளோடு மிச்சிகனின் பட்டக் கனவு முடிந்தது. அதனால்தான் அந்த ஆட்டத்தை இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். 2024 நவம்பர் 30 அன்று அதே மைதானத்தில் மிச்சிகன் 13-10 என்று வென்றது. ஏழு வாரங்கள் கழித்து தேசிய சாம்பியன் யார் என்றால், தோற்ற ஒஹாயோ ஸ்டேட்! எங்கள் ஊர் அணி கோப்பை வாங்கியதில் எனக்கு அளவற்ற மகிழ்ச்சி. ஆனாலும் அந்த நவம்பர் தோல்வியின் கனம் குறைந்துவிட்டது என்பதை மறைக்க மாட்டேன். 12 அணிகளுக்கே இப்படி என்றால், 24 அணிகள் வந்த பிறகு மூன்று ஆட்டங்களில் தோற்றவர்களும் நிம்மதியாகத் தூங்கப் போவார்கள்.

கேள்வி: நான்கு அணிகள் இருந்த காலத்தில் உண்மையாகவே அநியாயம் நடந்ததா? தகுதியானவர்கள் எப்படியும் உள்ளே வந்தார்கள்தானே?
— ஒரு வாசகி, அட்லாண்டா

பதில்: நடந்தது. 2017-இல் சென்ட்ரல் ஃபுளோரிடா பல்கலைக்கழகம் ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை. அணிகளை வரிசைப்படுத்தி பிளேஆஃபுக்கு எடுக்கும் தேர்வுக் குழு அதற்குக் கொடுத்த இடம் 12. பீச் பவுல் என்ற பருவ இறுதி ஆட்டத்தில் அந்த அணி ஆபர்னை 34-27 என்று வீழ்த்தியது. அந்த ஆண்டு இறுதிப் போட்டியில் ஆடிய அலபாமா, ஜார்ஜியா இரண்டையும் தோற்கடித்திருந்த அணி ஆபர்ன். சென்ட்ரல் ஃபுளோரிடாவுக்கு மட்டும் கோப்பைக்காக ஆடும் வாய்ப்பே கிடைக்கவில்லை.

அதைவிட என்னைச் சுட்டது 2023. ஃபுளோரிடா ஸ்டேட் 13 ஆட்டங்களில் 13 வெற்றி, தன் கான்ஃபரன்ஸின், அதாவது தான் ஆடும் அணிக் குழுமத்தின், சாம்பியன். ஆனால் நவம்பரில், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸின் கால் முறிந்துவிட்டது. அவர் இல்லாத அணி பழைய அணி அல்ல என்று முடிவுகட்டிய குழு அதை ஐந்தாம் இடத்தில் நிறுத்தி, ஓர் ஆட்டத்தில் தோற்றிருந்த அலபாமாவை உள்ளே எடுத்தது. தன் கால் பருவத்தின் தொடக்கத்திலேயே முறிந்திருக்கக் கூடாதா, இந்த அணி தன்னை மட்டும் நம்பியதல்ல என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்குமே என்ற பொருள்பட டிராவிஸ் எழுதினார். கால் ஒடிந்து கிடந்த இளைஞனை அப்படி எழுத வைத்த ஏற்பாட்டை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஆடி வென்றதைப் பார்க்காமல், இனி எப்படி ஆடுவார்கள் என்று ஊகித்துத் தேர்வு செய்வது விளையாட்டே அல்ல.

மனமுடைந்த அந்த அணி, பலர் விலகிக்கொண்ட நிலையில், ஆரஞ்சு பவுலில் ஜார்ஜியாவிடம் 63-3 என்று தோற்றது. அதைக் காட்டிக் குழுவின் முடிவு சரி என்று வாதாடுகிறவர்கள் உண்டு. கதவைச் சாத்திய பிறகு வெளியே நடந்ததை வைத்து, சாத்தியது சரி என்று சொல்வது என்ன நியாயம்?

கேள்வி: 2025-இல் டுலேன், ஜேம்ஸ் மாடிசன் போன்ற சிறிய அணிகளுக்கு இடம் கொடுத்துவிட்டு நோட்டர் டாமை வெளியே தள்ளினார்கள். இரண்டு சிறிய அணிகளும் முதல் சுற்றிலேயே அடிவாங்கின. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?
— ஒரு வாசகர், சிகாகோ

பதில்: உங்கள் கோபம் புரிகிறது, ஆனால் உடன்பட மாட்டேன். தரவரிசையில் மேலே உள்ள ஐந்து கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கு இடம் உறுதி என்பது பருவம் தொடங்கும் முன்பே எல்லோருக்கும் தெரிந்த விதி. டுலேனும் ஜேம்ஸ் மாடிசனும் அந்த விதிப்படி வந்தார்கள். யாரும் தூக்கிக் கொடுக்கவில்லை. டுலேன் 41-10 என்று தோற்றது உண்மை. அடுத்த சுற்றில் அலபாமா இந்தியானாவிடம் 38-3 என்று தோற்றதே, அதனால் அலபாமாவை இனிச் சேர்க்கக் கூடாது என்று யாராவது சொன்னார்களா? ஜேம்ஸ் மாடிசன், ஆரிகனுக்கு எதிராக 34 புள்ளிகள் எடுத்தது. கால் இறுதியில் அதே ஆரிகனிடம் டெக்சஸ் டெக்கால் ஒரு புள்ளிகூட எடுக்க முடியவில்லை.

நோட்டர் டாமுக்கு நடந்ததில் எனக்கு வேறொரு மனக்குறை உண்டு. அவர்களும் மயாமியும் 10-2, அதாவது 10 வெற்றி, 2 தோல்வி. பருவத்தின் முதல் ஆட்டத்தில் மயாமி அவர்களை 27-24 என்று வென்றிருந்தது. அப்படியிருந்தும் வாரக்கணக்கில் நோட்டர் டாமை மேலே வைத்திருந்துவிட்டு, இருவருமே ஆடாத கடைசி வாரத்தில் குழு வரிசையை மாற்றியது. முடிவு சரி, வந்த வழி தவறு. வாராவாரம் தொலைக்காட்சியில் தரவரிசை அறிவித்து ஆசை காட்டுவதை முதலில் நிறுத்த வேண்டும்.

உள்ளே வந்த மயாமி, இறுதிப் போட்டிவரை போனது. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

கேள்வி: ஐயா, நான் கல்லூரி மாணவன். கீழ்ப் பிரிவான எஃப்.சி.எஸ்ஸில் 24 அணிகள் பிளேஆஃப் ஆடுகின்றன. அங்கே நன்றாக நடப்பது மேலே ஏன் நடக்காது?
— ஒரு மாணவர், பஃபலோ

பதில்: நல்ல கேள்வி தம்பி. அங்கிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது 24 என்ற எண்ணை அல்ல, ஆடும் இடத்தை. அங்கே இறுதிப் போட்டியைத் தவிர மற்றவை எல்லாம் கல்லூரி மைதானங்களில் நடக்கின்றன. அரை இறுதியும்கூட!

2024 டிசம்பர் 21 இரவு, ஒஹாயோ ஸ்டேடியத்தின் மேல் அடுக்கில் இருந்தேன். எதிரணி டென்னசி. உறைநிலைக்கும் கீழே குளிர். கையுறையைக் கழற்றி டிக்கெட்டை எடுத்த அந்த நொடியிலேயே விரல்கள் மரத்துப்போயின. எங்கு திரும்பினாலும் டென்னசியின் ஆரஞ்சு நிறம். இத்தனை பேர் இந்தக் குளிரில் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்களே என்று எங்கள் ஊர்க்காரர்கள் முகத்தில் கலக்கம் தெரிந்தது. முதலாண்டு மாணவன் ஜெரமையா ஸ்மித் 37 கஜப் பந்தைப் பிடித்து எல்லையைத் தொட்டதும் எழுந்த சத்தத்தில் காலடியில் இருந்த சிமெண்டுத் தளம் அதிர்ந்தது. முதல் கால் பகுதி முடிவதற்குள் 21-0. ஆட்டம் 42-17.

அதன் பிறகு என்ன ஆனது? கால் இறுதி கலிஃபோர்னியாவின் பாசடீனாவில், அரை இறுதி டெக்சஸின் ஆர்லிங்டனில், இறுதிப் போட்டி அட்லாண்டாவில். மூன்று வாரத்துக்குள் மூன்று விமானப் பயணம். சம்பளத்தில் குடும்பம் நடத்துகிற எத்தனை ரசிகர்களால் இது முடியும்?

இன்னொரு கொடுமை. அந்த ஆண்டு முதலிடத்தில் இருந்தது 13-0 என்று வந்த ஆரிகன். எட்டாமிடத்து ஒஹாயோ ஸ்டேட்டுக்குச் சொந்த மைதானத்தில் ஓர் ஆட்டம் கிடைத்தது. முதலிடத்து ஆரிகனுக்குக் கிடைக்கவில்லை. முதல் சுற்றில் ஓய்வு என்ற பெயரில் வாரக்கணக்கில் உட்காரவைத்து, பிறகு பொது மைதானத்தில் இறக்கினார்கள். 2024-இல் ஓய்வு பெற்ற நான்கு அணிகளும் கால் இறுதியில் தோற்றன. 2025-இல் நான்கில் மூன்று தோற்றன. எட்டில் ஒன்றுதான் பிழைத்தது, அது இந்தியானா. முதல் நான்கு இடங்களுக்கு வந்ததன் பரிசு இதுவா? கால் இறுதியை ஆரிகனின் யூஜீனிலும் இந்தியானாவின் ப்ளூமிங்டனிலும் ஜார்ஜியாவின் ஏதென்ஸிலும் நடத்துங்கள். அந்தப் பரிசுக்காக அணிகள் நவம்பரில் உயிரைக் கொடுத்து ஆடும்.

கேள்வி: எத்தனை எதிர்த்தாலும் பணத்துக்காக 16 ஆக்கிவிடுவார்கள் என்கிறார் என் கணவர். அவர் சொல்வது சரிதானா?
— ஒரு வாசகி, நியூ ஜெர்சி

பதில்: பணம் பெரிதுதான். 2026 முதல் ஆறு ஆண்டுகளுக்கு ஈ.எஸ்.பி.என். தொலைக்காட்சி கொடுப்பது மொத்தம் 7.8 பில்லியன் டாலர். முடிவெடுக்கும் அதிகாரமும் பிக் டென், எஸ்.ஈ.சி. என்ற இரண்டு பெரிய கான்ஃபரன்ஸ்களிடம் குவிந்துவிட்டது. ஒருவர் 24 என்றார், மற்றவர் 16 என்றார், ஒத்துவரவில்லை. அதனால் 2026 பருவத்துக்கும் 12 நீடிக்கிறது.

உங்கள் கணவரிடம் ஒரு கணக்கைச் சொல்லுங்கள். 16 அணிகள், யாருக்கும் ஓய்வில்லை என்று வைத்தால், பருவத்தில் 12 ஆட்டம், கான்ஃபரன்ஸ் இறுதி ஒன்று, பிளேஆஃப் நான்கு என்று சாம்பியனுக்கு 17 ஆட்டங்கள் வரும். இருபது வயதுப் பிள்ளைகளின் முழங்கால்கள் அவை. டிசம்பரில் தேர்வு எழுதுகிற கைகளும் அவர்களுடையவைதான். 12 அணி ஏற்பாட்டில் முதல் நான்கு பேருக்காவது ஒரு வாரம் மிச்சமாகிறது.

அப்புறம் இந்தியானாவைச் சொல்லுங்கள். கல்லூரிக் கால்பந்து வரலாற்றில் மிக அதிகமாகத் தோற்ற அணிகளில் ஒன்று அது. 2024-இல் 11-1 என்று வந்து, பத்தாம் இடத்தில் உள்ளே நுழைந்து, சவுத் பெண்டில் நோட்டர் டாமிடம் 27-17 என்று தோற்றுத் திரும்பியது. நான்கு அணிக் காலமாக இருந்தால் அந்த இரவே அவர்களுக்குக் கிடைத்திருக்காது. மறு ஆண்டு 16 ஆட்டங்களில் 16 வெற்றி. இறுதியில் மயாமியை, அதுவும் மயாமியின் சொந்த மைதானத்திலேயே, 27-21 என்று வென்று கோப்பையை எடுத்துச் சென்றது. இதெல்லாம் 12 அணிகளிலேயே நடந்தது. பதின்மூன்றாவதாக யார் வந்து இதைவிட அழகாக்கப் போகிறார்கள் என்று அவரைக் கேட்டு எனக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் அவர் பதிலை வெளியிடுகிறேன்.