அன்று காலை ஏன் கதவைத் திறக்கவில்லை?

கேள்வி: வரப்புத் தகராறில் என் மகன் (23), என் கணவருடைய அண்ணன் மகனை அடித்துத் தள்ளிவிட்டான். நெற்றியில் நான்கு தையல். மறுநாள் காலை அந்தப் பையன் கட்டோடு வந்து வாசலில் நின்று “சித்தி” என்று கூப்பிட்டான். பயத்தில் திறக்கவில்லை. அன்று மாலை புகார் கொடுத்துவிட்டார்கள். பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 115(2), 296(பி) பிரிவுகளில் குற்றப்பத்திரிகை வந்திருக்கிறது. மகன் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறான். ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால் ஒரே நாளில் முடிந்துவிடும் என்கிறார் ஒரு வக்கீல் குமாஸ்தா. கட்டிவிடலாமா?
— ஒரு தாய், சிவகங்கை மாவட்டம்

பதில்: கட்டாதீர்கள். ஒப்புக்கொண்டு கட்டும் அபராதம் பஸ்ஸில் டிக்கெட் எடுக்காததற்குக் கட்டும் பணம் போன்றதல்ல. உங்கள் மகன் குற்றவாளி என்று நீதிமன்றம் எழுதிவைக்கும் தீர்ப்பு அது. அடித்துக் காயப்படுத்தியதற்கான 115(2)க்கு ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இதில் எது என்று முடிவு செய்பவர் மாஜிஸ்திரேட். குமாஸ்தா எப்படி வாக்குக் கொடுக்கிறார்?

அதை விடுங்கள். இரண்டே வரியில் எழுதிக் கடந்துபோன அந்தக் காலை நேரத்துக்கு வருகிறேன். தலையில் கட்டோடு வந்த பிள்ளை போலீசைக் கூட்டிக்கொண்டு வரவில்லை. தனியாக வந்து “சித்தி” என்றான். பொழுது சாயும்வரை அவர்கள் புகார் கொடுக்கவில்லை என்று நீங்களே எழுதுகிறீர்கள். அந்த ஒரு பகல் முழுவதும் அந்த வீடு உங்களுக்காகக் காத்திருந்திருக்கிறது என்றுதான் நான் படிக்கிறேன். பயம் என்கிறீர்கள். அடிபட்டவனைக் கண்டு அடித்தவன் வீட்டுக்கு என்ன பயம்? அது வெட்கம், அம்மா. மகன் செய்ததை மகனிடம் கேட்கத் துணியாத வெட்கம்.

சட்டமும் உங்களை அந்த வாசலுக்கேதான் அனுப்புகிறது. வழக்கு நடத்தும் முறையைச் சொல்லும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 359ஆம் பிரிவின்படி, 115(2) வழக்கில் சமாதானம் செய்துகொள்ளும் உரிமை அடிபட்டவனிடம் இருக்கிறது. அவன் மனமொப்பிச் சமாதானம் ஆனால் அது விடுதலைக்குச் சமம். ஆபாசமாகத் திட்டியதற்கான 296(பி) அப்படி முடியாது. அதை ரத்து செய்யக் கோரி, அதே சட்டத்தின் 528ஆம் பிரிவில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போக வேண்டும். அங்கும் அவன் சம்மதம்தான் பெரிய பலம். சமாதானம் கைகூடாவிட்டால் வழக்கை நடத்துங்கள். குற்றத்தை நிரூபிக்க வேண்டியது போலீஸ் தரப்பு. வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். நீங்கள் போகாமல் மகனே போகட்டும், அவன் பெயரில்தான் வழக்கு. 15100 என்ற எண்ணிலும் பேசலாம். எந்த வாய்தாவையும் தவறவிடக் கூடாது. தவறினால் வாரண்ட் வரும்.

வேலைக்கான படிவத்தில் வழக்கு உண்டா என்று கேட்டால் உள்ளதை எழுதட்டும். மறைத்தால் அதுவே வேலைக்கு உலை வைக்கலாம். 2016இல் அவ்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

முதலில் உங்கள் கணவர் அண்ணன் வீட்டுக்குப் போகட்டும், பின்னால் மகனும் நீங்களும். வழக்குப் பேச்சு அன்று வேண்டாம், பணப் பேச்சும் வேண்டாம். தையல் பிரித்தாயிற்றா என்று கேளுங்கள். மன்னிப்பை மகன் தன் வாயால் கேட்கட்டும். அவனுக்காக நீங்கள் பேசாதீர்கள். முதல் நாள் அவர்கள் கதவைத் திறக்காவிட்டால், மறுநாளும் போங்கள்.