இந்தோனேசியாவில் அமைதியான கடலோரக் கிராமத்தில் மலிவாக இடம் வாங்கி, ஓய்வுக்காலத்தில் குடியிருக்க முடியுமா?

குடியிருக்க முடியும். வாங்க முடியாது. "அதற்கும் ஒரு வழி இருக்கிறது" என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அந்த வழியில் போய்த் திரும்பியவன் நான்.

பாலிக்கு நான்கைந்து நாள் சுற்றுலா போய்விட்டு வந்து கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தென்னந்தோப்பு, ஓட்டு வீடு, வாசலில் கோழி, எதிரே கடல். இடத்தின் விலையை ருபியாவிலிருந்து நம் ரூபாய்க்கு மாற்றிப் பார்த்ததும் கோவையில் ஒரு கார் நிறுத்தும் இடத்துக்குக்கூட இது காணாதே என்று தோன்றியிருக்கும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நான் இருந்தது பாலியில் அல்ல, மேற்கு ஜாவாவில். இந்தோனேசியா என்றாலே பாலி என்று நினைக்கும் வழக்கம் எப்போது ஒழியுமோ தெரியவில்லை. என் சொந்த மாமியாரே பத்தொன்பது வருடமும் நான் பாலியில் இருந்ததாகத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நான் ஈரோட்டுக்காரன், நூற்பாலை ஆள். பாண்டுங் நகருக்குத் தென்கிழக்கே மஜலாயா பக்கம் ஒரு மில்லில் ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்தேன். அந்த வட்டாரம் முழுக்க நூல், நெசவு, சாயம்தான். என்னிடம் வேலை பார்த்த ஃபிட்டர் ஒருவருக்கு ஊர் தெற்குக் கடற்கரை. பங்காந்தரானிலிருந்து மேற்கே பரிகி, சிஜுலாங் என்று போகும் சாலையில் ஒரு மீனவ ஊர். அவரை நான் 'காங்' என்று கூப்பிடுவேன். சுண்டா மொழியில் அண்ணன். என்னைவிட அவர் நான்கு வயது சின்னவர், ஆனாலும் மரியாதைக்கு அப்படித்தான். லீவுக்கு ஊர் போய் வரும்போதெல்லாம் ஜம்பால் ரோட்டி கொண்டு வருவார். ரொட்டி என்று நினைத்து முதல் தடவை காபியோடு பிரித்தேன். உள்ளே இருந்தது கெளிற்றுக் கருவாடு. எங்கள் நட்பு அந்தக் கருவாட்டில் ஆரம்பித்ததுதான்.

2011-ல் ஒரு நீண்ட விடுமுறைக்கு அவரோடு ஊருக்குப் போனேன். நாக்ரெக் மலைப்பாதை நெரிசலைத் தாண்டி ஆறு மணி நேரத்துக்கு மேல். ஊருக்குள் நடந்தால் திண்ணைகளில் உட்கார்ந்திருப்பவர்களைக் கடக்கும்போது லேசாகக் குனிந்து, வலது கையைத் தாழ்த்தி, 'புந்தென்' என்று சொல்ல வேண்டும். அவர்கள் 'மங்கா' என்பார்கள். போங்க, வாங்க, சாப்பிடுங்க எல்லாவற்றுக்கும் ஒரே மங்கா. இந்தோனேசிய மொழியில் மாம்பழத்துக்கும் அதே சொல்தான். பழத்தின் பெயர் நம் மாங்காய் கப்பலேறிப் போனது. காலையில் பக்கவாட்டில் மிதவைக் கட்டை கட்டிய படகுகள் கரையேறும், ஏலக்கூடத்தில் மீன் விலைபோகும். அந்தக் கடற்கரையில் மீன் வாங்கி விற்கத் தொடங்கியவர்தான் சுசி புஜியஸ்துதி. பிறகு விமான நிறுவனம் நடத்தி, 2014 முதல் 2019 வரை மீன்வள அமைச்சராக இருந்து, திருட்டுத்தனமாக மீன்பிடித்த வெளிநாட்டுப் படகுகளைக் கடலில் மூழ்கடித்தவர். ஊரில் யாரைக் கேட்டாலும் அந்த அம்மாவோடு தனக்கு ஒரு பழக்கம் இருந்ததாகச் சொல்வார்கள்.

அந்த ஊரில் இன்னொரு பேச்சும் உண்டு. 2006 ஜூலை 17, மாலை. நில அதிர்வு பெரிதாகத் தெரியவே இல்லையாம், கொஞ்ச நேரத்தில் அலை வந்துவிட்டது. அந்தக் கடற்கரையில் அறுநூறு பேருக்கு மேல் செத்தார்கள். நான் நாகப்பட்டினத்தையும் வேளாங்கண்ணியையும் பற்றிச் சொன்னேன். அதற்கு முன் என்னை மில்லின் இந்தியர் என்றவர்கள், அதன் பின் தங்கள் ஆளாகவே பார்த்தார்கள். இடம் பார்க்கப் போகிறவர்கள் கடலைப் பார்க்கிறார்கள். சாலையோரம் மேட்டைக் காட்டி அம்புக்குறி போட்ட தப்பிக்கும் வழிப் பலகைகளைப் பார்ப்பதில்லை. நீங்கள் முதலில் அதைப் பாருங்கள்.

சரி, நிலத்துக்கு வருகிறேன். இந்தோனேசியாவின் அடிப்படை நிலச் சட்டம் 1960-ம் ஆண்டின் 5-ம் எண் சட்டம். முழு உரிமைக்கு அங்கே 'ஹக் மிலிக்' என்று பெயர். 21-வது பிரிவின்படி அது இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டும். நேராகவோ சுற்றிவளைத்தோ அந்த உரிமையை வெளிநாட்டவருக்கு மாற்றினால் அந்த மாற்றம் செல்லாது, நிலம் அரசுக்குப் போகும், கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கவும் முடியாது. இது 26-வது பிரிவு. பணத்தைப் பற்றிய அந்தக் கடைசிப் பகுதியை இன்னொரு தடவை படியுங்கள். நான் 2012-ல் படிக்கவில்லை.

வெளிநாட்டவருக்கு 'ஹக் பாக்காய்' என்று ஒரு பயன்பாட்டு உரிமை உண்டு. 30 வருடம், பிறகு 20, பிறகு 30 என்று நீட்டலாம். ஆனால் அதற்கு முறையான குடிநுழைவு ஆவணம் வேண்டும், வீட்டுக்கு மாகாணவாரியாகக் குறைந்தபட்ச விலை வைத்திருக்கிறார்கள். மீனவ ஊரின் இரண்டு அறை வீடு அந்த விலையைத் தொடவே தொடாது. கம்பெனி தொடங்கி அதன் பெயரில் கட்டட உரிமை வாங்கலாம் என்பார்கள். அந்நிய முதலீட்டுக் கம்பெனிக்கு 1000 கோடி ருபியாவுக்கு மேல் முதலீட்டுத் திட்டம் காட்ட வேண்டும். மிச்சம் இருப்பது குத்தகை. அப்புறம், எல்லோரும் காதோடு சொல்லும் அந்த 'வழி'.

அதற்கு அங்கே 'பிஞ்சாம் நாமா' என்று பெயர். பெயரைக் கடன் வாங்குவது. நம் ஊர் பினாமிதான். நாமா என்பது நம்முடைய நாமமேதான், கடைசியில் எனக்கு நெற்றியில் விழுந்ததும் அதே. ஆனால் இன்னொருவர் போட்டார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கண்ணாடி பார்த்து நானே போட்டுக்கொண்டேன்.

அங்கே நிலத்தை 'தும்பாக்' கணக்கில் சொல்வார்கள், ஒரு தும்பாக் 14 சதுர மீட்டர். நான் வாங்கியது 50 தும்பாக், நம் கணக்கில் பதினேழு சென்ட். கடற்கரையிலிருந்து நானூறு மீட்டர் உள்ளே. உயர் அலைக் கோட்டிலிருந்து நூறு மீட்டர் வரை கரையோரப் பாதுகாப்புப் பகுதி என்பதால் அதில் மட்டும் கவனமாக இருந்தேன். 10 கோடியே 50 லட்சம் ருபியா. பயந்துவிடாதீர்கள், அன்றைய மதிப்பில் ஆறு லட்சம் ரூபாய். நில உரிமை சர்டிபிகேட் இல்லாத இடம். 'லெட்டர் சே' என்ற பழைய கிராம வரிப்பதிவு மட்டும்தான், அதுவும் செத்துப்போன தாத்தா பெயரில். ஐந்து வாரிசுகள் கையெழுத்து, கிராமத் தலைவர் சான்று, நோத்தாரிஸ் என்ற நோட்டரி முன்னால் கிரயப் பத்திரம், நில அலுவலகம் என்று பதினான்கு மாதம். முடிவில் வந்த சர்டிபிகேட்டில் காங்கின் பெயர். என் கைக்குக் கூடுதலாக இரண்டு தாள். ஒன்று, அவர் எனக்குக் கொடுத்த அதிகாரப் பத்திரம். இன்னொன்று, என்னிடம் அவர் கடன் வாங்கியதாக ஒரு ஒப்புதல். நோத்தாரிஸ் சிரித்துக்கொண்டே 'அமான்' என்றார். பத்திரம் என்று பொருள். பாதுகாப்பு என்ற அர்த்தத்தில் பத்திரம்.

"சட்டத்தை ஏமாற்றப் பார்த்தாய், அனுபவி" என்று சிலர் எழுதுவீர்கள். எழுதுங்கள். ஆனால் அந்த மில் வட்டாரத்தில் இருந்த வெளிநாட்டவரில் பாதிப்பேர் இதையே செய்திருந்தார்கள், ஒருவரும் அதைத் திருட்டு என்று சொல்லிக் கேட்டதில்லை. நான் அங்கே ஓட்டல் கட்டப் போகவில்லை, யாருடைய கடலையும் வேலி போட்டு மறைக்கவில்லை. இரண்டு அறை, ஒரு திண்ணை, மொண்டு குளிக்க ஒரு தொட்டி. அவ்வளவுதான்.

அந்த வீட்டில் மூன்று வருடம், மாதம் ஒருமுறை போய் இருந்தேன். உப்புக்காற்றில் பூட்டு, கீல், ஃபேன் எல்லாம் வருடத்துக்கு ஒரு முறை செத்தன. மின்சாரம் முன்பணம் கட்டும் மீட்டர். பணம் தீரப்போனால் கீகீ என்று கத்தும். நான் இல்லாத நாளில் அது கத்தினால் பக்கத்து வீட்டு அம்மா தன் காசில் டோக்கன் போட்டுவிடுவார். வாசலில் ஒரு சின்ன பாட்டில் தொங்கும். இரவுக் காவல் சுற்றுபவர்கள் வீட்டுக்கு ஒரு கரண்டி அரிசி அதிலிருந்து எடுத்துக்கொண்டு போவார்கள், 'பெரெலெக்' என்று பெயர். சேர்ந்த அரிசி ஏழைப்பட்ட வீட்டுக்கோ ஊர்ச் செலவுக்கோ போகும். நான் பாண்டுங்கில் இருந்த இரவுகளிலும் என் பாட்டிலில் அரிசி இருந்திருக்கிறது. யார் போட்டார்கள் என்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை. காவலில் எனக்கும் முறை வந்தது. காவல் குடிசையில் விடிய விடிய டொமினோ ஆடினோம். ஒரு திருடனையும் பார்க்கவில்லை.

2016 ஜூனில் மில் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அங்கே தங்கும் அனுமதி, அதாவது கிதாஸ், வேலையோடு கட்டப்பட்டது. வேலை போனால் அதுவும் போச்சு. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். லெபரான் என்ற நோன்புப் பெருநாளுக்கு ஒரு மாதச் சம்பளம் போனஸாகக் கொடுப்பது அந்த நாட்டில் சட்டம். அந்த வருடம் லெபரான் ஜூலை 6. என் ஒப்பந்தத்தை மூன்று வாரம் முன்னால் முடித்தார்கள். முடிந்துபோன ஒப்பந்தத்துக்கு போனஸ் கிடையாதாம், விதி அவர்கள் பக்கம். பத்தொன்பது வருடம். என்னிடம் தொழில் கற்ற பையன்கள் இன்று மூன்று மில்களில் மாஸ்டர்கள். வழியனுப்ப ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். அது ஈரோட்டுக்கு வந்து இரண்டாம் மாதமே நின்றுவிட்டது. நூற்பாலை நடத்துபவர்களைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, வேறு கேள்வியில் பார்க்கலாம்.

2017-ல் காங் இறந்துவிட்டார். மாரடைப்பு, நாற்பத்தெட்டு வயது. நான் ஈரோட்டில் இருந்தேன். மூன்றாம் நாள், ஏழாம் நாள், நாற்பதாம் நாள் தொழுகைகளுக்குப் பணம் அனுப்பினேன். நாற்பது முடிந்த பிறகுதான் நோத்தாரிஸை அழைத்தேன். அதிகாரப் பத்திரம் கொடுத்தவர் இறந்தால் அதுவும் அவரோடு முடிந்தது என்றார். கடன் ஒப்புதலைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோனால், நிஜத்தில் அது என்ன கடன் என்று நீதிபதி கேட்பார், பதில் சொல்ல வேண்டியவன் நான். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. நிலம் இப்போது காங்கின் மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும், அவர்கள் முறைப்படி ஆறில் ஒரு பங்கு அவருடைய தாயாருக்கும். என் பெயர் எந்தத் தாளிலும் இல்லை.

மறுவருடம் அவர் மனைவி வாட்ஸ்அப்பில் கூப்பிட்டார். மகள் கல்யாணம், ஆஸ்பத்திரிக் கடன், பின்பக்கம் 20 தும்பாக்கை விற்கப்போகிறோம், உங்களிடம் சொல்லிவிட்டுச் செய்யலாம் என்று. சட்டப்படி என்னிடம் கேட்கவேண்டியதே இல்லை. ஆனாலும் கேட்டார். நான் அன்று பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. திருடர்கள் என்ற சொல்லும் அதில் இருந்தது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, 'மங்கா, பாக்', அதாவது சரிங்க ஐயா, என்று போனை வைத்தார். இரண்டு மாதம் கழித்து என் கணக்குக்கு 1 கோடியே 20 லட்சம் ருபியா வந்தது. எழுபதாயிரம் ரூபாய்கூட இருக்காது. திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை. என் கடன்கள் எனக்கு.

காங்கின் அண்ணன் வேறு மாதிரி. "வெளிநாட்டுக்காரன் வாய் திறந்தால் நிலம் அரசுக்குப் போய்விடும், சும்மா இருக்கச் சொல்" என்று ஊரெல்லாம் சொன்னார். எனக்கு அவர்மேல் இன்னும் கோபம் தீரவில்லை. ஆனால் அவர் சொன்ன சட்டம் சரி.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். அந்த ஊர் மாதிரி ஒன்று பிடித்திருந்தால் வீட்டைக் குத்தகைக்கு எடுங்கள். ஐந்து வருடத்துக்கு மேல் வேண்டாம். சர்டிபிகேட் யார் பெயரில் இருக்கிறதோ அவரோடு மட்டும் ஒப்பந்தம் போடாதீர்கள். அவருடைய மனைவி, பிள்ளைகள், முடிந்தால் கூடப்பிறந்தவர்கள் எல்லோரையும் நோத்தாரிஸ் முன்னால் உட்காரவையுங்கள். இறந்தாலும் குத்தகை வாரிசுகளைக் கட்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள். இந்தோனேசியப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வாங்கலாமா என்றும் சிலர் கேட்பார்கள். சொத்தைப் பிரித்து எழுதிய ஒப்பந்தம் இல்லாவிட்டால் அந்தப் பெண் வாங்கும் நிலத்துக்கும் அதே சிக்கல்தான்.

போன வருடம் நவம்பரில் சுற்றுலா விசாவில் போய் மூன்று வாரம் அந்த வீட்டில் இருந்தேன். காங்கின் மகன்தான் இப்போது அங்கே இருக்கிறான். வாடகை வேண்டாம் என்றான். கட்டாயப்படுத்தித்தான் கொடுத்தேன். அவன் அம்மா என்னிடம் அந்தப் போன் பேச்சைப் பற்றி எதுவும் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அடுப்பில் ஜம்பால் ரோட்டி பொரிந்துகொண்டிருந்தது.

வெளியார் வந்து தங்கினால் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் தெருத் தலைவரிடம் பதிய வேண்டும் என்று அங்கே சந்துக்குச் சந்து பலகை வைத்திருப்பார்கள். முதல் நாள் மாலையே பாஸ்போர்ட்டோடு போனேன். பழைய ஆள்தான், என்னோடு டொமினோ ஆடியவர். கட்டிப்பிடித்தார், காபி கொடுத்தார். பிறகு மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு நோட்டைத் திறந்து, யார் வீட்டுக்கு விருந்தாளி என்று கேட்டார். காங்கின் மனைவி பெயரைச் சொன்னேன். எழுதிக்கொண்டார்.