இன்று மதியம் எங்கே சாப்பிட்டீர்கள்?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வேலை மாறி, ஒரு புறநகர்ப் பகுதியில் அறை எடுத்துத் தங்கி மூன்று வாரம் ஆகிறது. அறையில் சமைக்க அனுமதி இல்லை. மெயின் ரோட்டில் இருக்கும் நாலைந்து ஓட்டல்களில்தான் மாறி மாறிச் சாப்பிடுகிறேன். இப்படியே போனால் சம்பளத்தில் பாதி சாப்பாட்டுக்கே போய்விடும். கையைக் கடிக்காத, வயிற்றையும் கெடுக்காத இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? – புதிதாகக் குடிவந்த வாசகர்

பதில்: தம்பி, மூன்று வாரமாக நீங்கள் மெயின் ரோட்டை விட்டு உள்ளே போகவில்லை என்று கடிதத்திலேயே தெரிகிறது. முதலில் அதை மாற்றுங்கள்.

பத்தொன்பது வருடம் சின்னதும் பெரியதுமான சாப்பாட்டுக் கடைகளுக்குக் கணக்கு எழுதியிருக்கிறேன். ஒரு பில்லைப் பார்த்தால் அதற்குள் என்னென்ன செலவு ஒளிந்திருக்கிறது என்பதுதான் எனக்கு முதலில் கண்ணில் படும். பொதுவாக இந்தத் தொழிலில், நீங்கள் கொடுக்கும் பணத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சமையல் சரக்குக்குப் போகும். ஆள் சம்பளம் இன்னொரு பெரிய பங்கு. மிச்சத்தில்தான் வாடகை, எரிவாயு, மின்சாரம், கொட்டியது, வீணானது எல்லாம். கடைசியில் ஏதாவது தேறினால் முதலாளிக்கு. இதில் நேர்மையாக விலையைக் குறைக்க ஒரு கடைக்காரருக்கு இரண்டே வழிதான் உண்டு. வாடகை குறைவாக இருக்க வேண்டும். சமைத்தது வீணாகாமல் தீர வேண்டும். இந்த இரண்டும் இல்லாமல் விலை மட்டும் குறைவாக இருந்தால், அளவிலோ சரக்கிலோ கை வைத்திருக்கிறார்கள். ஆகவே, உள்தெருவில் இருக்கிற, சமைத்தது சமைத்த சூட்டிலேயே தீர்ந்துபோகிற கடையைத் தேடுங்கள். விலையும் வயிறும் ஒரே இடத்தில் சரியாகும்.

மெயின் ரோட்டில் கடைகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்பதற்கும், எல்லாவற்றிலும் மெனு ஒரே மாதிரி இருப்பதற்கும் ஒரு காரணம் உண்டு. ஹெரால்டு ஹோட்டலிங் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1929-இல் இதை விளக்கினார். ஒரே தெருவில் ஒரே பொருளை விற்கும் இருவர், எதிராளியின் வாடிக்கையையும் பிடிக்க நினைத்து ஆளுக்குக் கொஞ்சமாக நடுப்பக்கம் நகர்ந்து, கடைசியில் அடுத்தடுத்த கடையாக நிற்பார்கள் என்றார். எல்லோரும் நடுவில் இடம் கேட்டால் அங்கே வாடகை ஏறாமல் என்ன செய்யும்? அந்த ஏற்றம்தான் மூன்று வாரமாக உங்கள் பில்லில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

சரி, எப்படித் தேடுவது? விடுமுறை நாளில் போகாதீர்கள். வேலை நாளில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் நடந்து போங்கள். உங்கள் பகுதியில் உடல் உழைப்பு வேலை எங்கே நடக்கிறது என்று பாருங்கள். வண்டி பழுது பார்க்கும் பட்டறைகள், பஸ் பணிமனை, காய்கறிச் சந்தை, பெரிய ஆஸ்பத்திரியின் பின்வாசல், கல்லூரி விடுதி. தினமும் வெளியே சாப்பிட்டாக வேண்டிய, அதே நேரம் தினமும் எண்ணி எண்ணிச் செலவு செய்கிற ஆட்கள் இருக்கும் இடங்கள் இவை. அங்கிருந்து இரண்டு மூன்று நிமிட நடையில் ஒரு கடை இருக்கத்தான் செய்யும். பெயர்ப்பலகைகூட இருக்காது. வாசலில் நிற்கும் சைக்கிள்களையும் வண்டிகளையும் வைத்துத்தான் அடையாளம் கண்டுபிடிக்க வேண்டும்.

யாரிடமாவது விசாரிப்பதானால் கேள்வியைச் சரியாகக் கேளுங்கள். 'இங்கே நல்ல ஓட்டல் எங்கே இருக்கிறது?' என்று கேட்டால், உங்களை விருந்தாளியாக நினைத்து, அவர்கள் வருடத்துக்கு ஒருமுறை குடும்பத்தோடு போகிற இடத்தைச் சொல்வார்கள். 'நீங்கள் இன்று மதியம் எங்கே சாப்பிட்டீர்கள்?' என்று கேளுங்கள். காவலாளியிடம், பார்சல் கொண்டுவரும் பையனிடம், மருந்துக்கடையில் நிற்கும் பெண்ணிடம். மூன்று பேரில் இரண்டு பேர் ஒரே கடையைச் சொன்னால் அன்றைக்கே போய்விடுங்கள்.

நான் கணக்கு எழுதிய கடைகளில் ஒன்றைச் சொல்கிறேன். பட்டறைகளுக்குப் பின்னால் ஒரு சந்து. ஆறு மேஜை. சுவரில் ஒரு கரும்பலகை, அதில் சாக்பீஸால் எழுதிய நாலே அயிட்டம். ஒன்றரை மணிக்குமேல் கடையை நடத்தும் அம்மா கல்லாவிலிருந்து எழுந்து வருவார். ஈரத்துணியால் ஒவ்வொரு அயிட்டமாகத் துடைத்துக்கொண்டே வருவார். இரண்டேகால் மணிக்குப் பலகை வெறுமையாக இருக்கும். அதற்குப் பிறகு யார் வந்து கெஞ்சினாலும் 'நாளைக்கு வாங்கய்யா' என்பார். எனக்கு ஆரம்பத்தில் வருத்தமாக இருக்கும், வருகிற வியாபாரத்தை விடுகிறாரே என்று. வருடக் கடைசியில் ஏட்டைக் கூட்டியபோதுதான் புரிந்தது. நான் பார்த்த மற்ற கடைகளின் ஏட்டில் 'வீணானது' என்ற பத்தி நிரம்பி வழியும். அவர் ஏட்டில் அது பெரும்பாலும் காலி. அந்தக் காலி இடம்தான் அவர் விலையைக் குறைவாக வைத்திருந்த ரகசியம். நேற்றையது இன்றைக்கு என்ற பேச்சே அங்கே இல்லை. ஆகவே, 'தீர்ந்துவிட்டது' என்று ஒரு கடையில் சொன்னால் சலித்துக்கொண்டு போய்விடாதீர்கள். மறுநாள் அரை மணி முன்னால் வாருங்கள். மாறாக, நூறு அயிட்டம் அச்சடித்த மெனுவும் காலி மேஜைகளுமாக ஒரு கடை இருந்தால், அந்த நூறும் எங்கே, எத்தனை நாளாக இருக்கின்றன என்று யோசியுங்கள்.

இன்னும் இரண்டு இடங்கள் உண்டு. பெரிய ஆஸ்பத்திரி, கல்லூரி, அலுவலகக் கேன்டீன்களில் சிலவற்றில் வெளியாட்களையும் விடுவார்கள். வாசலில் நேராகக் கேட்டுப் பாருங்கள். அப்புறம், வீட்டிலேயே சமைத்து டப்பாவில் தருகிறவர்கள். அவர்களுக்குக் கடை வாடகையே கிடையாது. குடியிருப்பு வாசலில் இருக்கும் மளிகைக் கடைக்காரருக்கு அவர்களைத் தெரிந்திருக்கும், சரக்கு வாங்க அங்கேதானே வருகிறார்கள்.

கடைசியாக ஒன்று. ஒரு வாரத்துக்கு, சாப்பிட்டதை மட்டும் எழுதாமல் பில்லில் இருக்கும் ஒவ்வொரு வரியையும் எழுதுங்கள். பாட்டில் தண்ணீர், குளிர்பானம், பார்சல் டப்பாவுக்கான காசு, வரி, போய்வந்த வண்டிச் செலவு. ஓட்டல்காரருக்கு அதிக லாபம் தருவது பெரும்பாலும் குடிக்கிற அயிட்டங்கள்தான். தண்ணீரைக் கையோடு கொண்டுபோனாலே மாதக் கடைசியில் வித்தியாசம் தெரியும்.

கேள்வி: சாப்பிட்டவர்கள் போனில் கொடுத்திருக்கும் நட்சத்திர மதிப்பீட்டைப் பார்த்துத்தான் கடைக்குப் போகிறோம். சில சமயம் நன்றாக இருக்கிறது, சில சமயம் ஏமாற்றமாக இருக்கிறது. அதை எந்த அளவுக்கு நம்பலாம்? – வாசகி

பதில்: நட்சத்திரத்துக்குப் பலம் உண்டு. ஹார்வர்ட் வணிகப் பள்ளியைச் சேர்ந்த மைக்கேல் லூகா, அமெரிக்காவின் சியாட்டில் நகர ஓட்டல்களை வைத்து 2011-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். ஒரு நட்சத்திரம் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் கூடுகிறது என்று கண்டார். கிளைகள் வைத்திருக்கும் பெரிய ஓட்டல்களுக்கு இந்தப் பலன் இல்லை, தனிக் கடைகளுக்குத்தான். இவ்வளவு பணம் ஒரு நட்சத்திரத்தைச் சுற்றி இருக்கும்போது, சொந்தக்காரர்களையும் நண்பர்களையும் வைத்து எழுதச் சொல்லும் ஆசையும் கூடவே வரும்.

நான் ஐந்து நட்சத்திரக் கருத்துகளைப் படிப்பதில்லை, ஒரு நட்சத்திரத்தையும் படிப்பதில்லை. மூன்று கொடுத்தவர்கள்தான் பெரும்பாலும் நிதானமாக எழுதியிருப்பார்கள்: 'ருசி நன்றாக இருந்தது, இருபது நிமிடம் நிற்க வைத்துவிட்டார்கள்' என்கிற மாதிரி. கடந்த மூன்று மாதத்துக்குள் எழுதியதை மட்டும் பாருங்கள், ஏனென்றால் சமையல் மாஸ்டர் மாறினால் கடையே மாறிவிடும். வாடிக்கையாளர்கள் போட்டிருக்கும் படங்களில் விலைப்பட்டியல் இருக்கிறதா என்றும் தேடுங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் செயலியில் இருக்கும் விலையைக் கடையின் விலை என்று நினைத்துவிடாதீர்கள். பல செயலிகள் கடைக்காரரிடம் 15 முதல் 30 சதவீதம் வரை கமிஷன் எடுக்கின்றன. அதைச் சமாளிக்கக் கடைக்காரர் அங்கே விலையை ஏற்றிவைப்பார். அதே கடைக்கு நீங்கள் நடந்துபோனால் விலை வேறாக இருக்கக்கூடும். அது தவிர, நான் சொன்ன சந்துக் கடை மாதிரியான இடங்கள் போனில் வருவதே அபூர்வம். அவற்றுக்குக் கால்தான் வழி.

கேள்வி: விலை குறைந்த கடையில் சாப்பிட்டால் நோய் வரும் என்று அம்மா தினமும் போனில் திட்டுகிறார். அவரை எப்படிச் சமாதானப்படுத்துவது? – விடுதி மாணவர்

பதில்: அம்மாவின் பயம் நியாயமானது, விலைமேல் பழி போடுவதுதான் சரியில்லை. விலை உயர்ந்த ஓட்டலின் சமையலறையைப் பார்த்துவிட்டுப் பட்டினியாக வீட்டுக்கு வந்தவர்களில் நானும் ஒருவர்.

உலக சுகாதார நிறுவனம் 2001-இல் பாதுகாப்பான உணவுக்கு ஐந்து விதிகளை வெளியிட்டது. சுத்தம், பச்சையானதையும் சமைத்ததையும் தனித்தனியாக வைத்தல், முழுவதும் வேகவைத்தல், சரியான வெப்பநிலையில் வைத்தல், நல்ல தண்ணீரும் நல்ல சரக்கும். மேஜையில் உட்கார்ந்தபடி நாம் முதலில் சோதிக்கக்கூடியது நான்காவது விதிதான். பரிமாறும்வரை உணவு 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்க வேண்டும், வெளியே வைத்தால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். ஆகவே பாத்திரத்தின் மூடியைத் தூக்கும்போது பாருங்கள். ஆவி முகத்தில் அடிக்கிறதா, வெறும் வெதுவெதுப்பா? வெதுவெதுப்பாக இருந்தால் அந்த அயிட்டத்தை விட்டுவிடுங்கள். 'சூடு பண்ணித் தருகிறேன்' என்றாலும் வேண்டாம். பேசில்லஸ் சீரியஸ் என்றொரு பாக்டீரியா இருக்கிறது. அதன் வித்துகள் சமையல் சூட்டிலும் பிழைத்துக்கொள்ளும். உணவு ஆறிக் கிடக்கும்போது முளைத்து நஞ்சை உண்டாக்கும். வாந்தி வரவைக்கும் அந்த நஞ்சு மறுபடி சூடுபடுத்தினாலும் அழியாது.

அடுத்தது, மேஜை துடைக்கும் துணி. அதே துணி தட்டையும் துடைத்தால் எழுந்துவிடுங்கள். காசு வாங்கும் கையே பரிமாறும் கையாகவும் இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணெய்ச் சட்டி தெரிகிற மாதிரி இருந்தால், எண்ணெய் கறுத்து நுரை தள்ளுகிறதா, அடுப்பில் வைத்ததும் புகைகிறதா என்று கவனியுங்கள். கை கழுவும் இடத்தில் சோப்பு இருக்கிறதா? வாடிக்கையாளருக்கே சோப்பு வைக்காத கடை, உள்ளே வேலை செய்கிறவர்களுக்கு வைத்திருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

சில நாடுகளில் இந்த வேலையை அரசே நமக்காகச் செய்கிறது. டென்மார்க்கில் 2001 முதல் பரிசோதனை முடிவைச் சிரிக்கும் முகம், வாடிய முகம் என்று படமாகக் காட்டுகிறார்கள். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் 1998 முதல் வாசலில் A, B, C என்று எழுத்து மதிப்பெண் தொங்குகிறது. நீங்கள் இருக்கும் இடத்தில் அப்படி ஏதாவது சான்றிதழ் உண்டா என்று பார்த்து, அதைப் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்புங்கள். ஆவி பறக்கும் தட்டையும் சேர்த்து.

கேள்வி: மாதப் பணத்தை முன்கூட்டியே கட்டினால் பத்து சதவீதம் தள்ளுபடி என்கிறார் மெஸ்காரர். கட்டலாமா? – வாசகர்

பதில்: முழு மாதத்துக்குக் கட்டாதீர்கள். கணக்கு தெரிந்த நானே ஒருமுறை இப்படிக் கட்டி, பத்தாம் நாள் போனபோது ஷட்டர் இறங்கியிருந்தது. அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. எங்கள் முன்பணத்தை வைத்துத்தான் பழைய கடனை அடைத்துக்கொண்டிருந்தார் என்பது பிறகு தெரிந்தது. வாரத்துக்கு வாரம் கட்டுகிறேன், அந்தத் தள்ளுபடியில் பாதியாவது கொடுங்கள் என்று கேளுங்கள். ஊருக்குப் போகும் நாட்களைக் கழிப்பாரா என்பதையும் முதலிலேயே பேசிவிட்டு, ஒரு சின்ன நோட்டில் இருவரும் தேதி போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: தனியாக ஓட்டலுக்குள் போய் விலை கேட்கக் கூச்சமாக இருக்கிறது. அதனாலேயே பல நாள் பிஸ்கட்டோடு படுத்துவிடுகிறேன். – வேலைக்குச் செல்லும் பெண்

பதில்: பிஸ்கட்டோடு படுக்காதீர்கள் அம்மா. இதைப் படித்ததிலிருந்து எனக்கு மனது கேட்கவில்லை.

கூட்டம் வருவதற்கு இருபது நிமிடம் முன்னால் போங்கள். அப்போது சர்வர்கள் சாவகாசமாக இருப்பார்கள், நாலு வார்த்தை பேச நேரம் இருக்கும். கல்லாவிலேயே நின்று, 'இன்று என்ன இருக்கிறது, ஒரு சாப்பாடு எவ்வளவு?' என்று கேளுங்கள். அந்தக் கேள்வி ஒரு நாளைக்கு நூறு தடவை அவர்கள் காதில் விழுகிறது. சரிப்படவில்லை என்றால் 'அப்புறம் வருகிறேன்' என்று திரும்பிவிடலாம், யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். பெண்கள் இரண்டு மூன்று பேராவது சாப்பிட்டுக்கொண்டிருக்கும் கடையாகப் பார்த்து, சுவரோரம் இடம் பிடியுங்கள். முதல் வாரம் அதே கடைக்கு, அதே நேரத்துக்குப் போங்கள். இரண்டாவது வாரம் நீங்கள் வாசலில் வரும்போதே அந்த மேஜையைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்கள். எந்தக் கடை, என்ன ஆயிற்று என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.