கேள்வி – பதில்: கனத்த குரல்காரர்

கே: முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில் 'ப்ளூ செர்ஜ்' என்ற இசைத்தட்டு வாங்கினேன். சாக்ஸபோன் செர்ஜ் சாலோஃப் என்று உறையில் இருக்கிறது. கத்ரி கோபால்நாத்தைக் கேட்ட காதுக்கு இந்தக் கனத்த குரல் புதிதாக இருக்கிறதே?
– வாசகர், காரைக்குடி

ப: கொடுத்துவைத்தவர் ஐயா நீங்கள்! அந்தத் தெருவில் எனக்கு அகப்படுவதெல்லாம் பீங்கான் ஜாடிதான். கோபால்நாத் வாசித்தது ஆல்டோ சாக்ஸபோன். இது பாரிடோன், ஒரு ஸ்தாயி கீழே. குழாய் நீளம், மூச்சும் நிறைய வேண்டும். அதில் பீபாப் என்ற ஜாஸ் பாணியின் துரித நடையைச் சர்வசாதாரணமாக உருட்டினார் இந்த பாஸ்டன்காரர். 1947இல் வுடி ஹெர்மன் ஜாஸ் குழுவின் 'ஃபோர் பிரதர்ஸ்' பதிவில் மூன்று டெனர் சாக்ஸபோன்களுக்கு அடியில் ஒலிப்பது இவரே. பிறகு ஹெராயின் போதை சில ஆண்டுகளை விழுங்கியது. மீண்டு வந்து 1955இல் 'பாஸ்டன் ப்ளோ-அப்', 1956இல் உங்கள் தட்டு. பியானோ சானி கிளார்க், பாஸ் லெராய் வின்னிகர், டிரம்ஸ் ஃபில்லி ஜோ ஜோன்ஸ்: இதைவிட நல்ல பக்கவாத்தியம் அவருக்கு வாய்க்கவில்லை என்பேன். 'தேங்க்ஸ் ஃபார் தி மெமரி'யை முதலில் கேளுங்கள். அவசரமே இல்லாத வாசிப்பு. அடுத்த ஆண்டே புற்றுநோய்க்குப் பலியானார், வயது 33. கடைசிப் பதிவுக்குச் சக்கர நாற்காலியில் வந்தார்.

வளவில் வெயில் விழும் இடத்தில் தட்டை வைக்காதீர்கள், வளைந்துவிடும். விற்பதாக இருந்தால் முதலில் எனக்கு எழுதுங்கள்.