அடுத்தவர் ஐடியில் வாங்கிய கேமுக்கு உரிமை கேட்க முடியுமா?

கேள்வி: ஐயா, என் மூத்த மகன் கல்லூரியில் முதலாண்டு படிக்கிறான். ஸ்டீம் என்ற இணைய கேம் கடையில் சொந்தக் கணக்கு வைத்து இதுவரை சுமார் 9,000 ரூபாய்க்கு கேம் வாங்கியிருக்கிறான். புதிதாக வந்த ஒரு கார் ரேஸ் கேம் விலை அதிகம் என்று, சமூக வலைத்தளத்தில் ஒருவரிடம் 350 ரூபாய்க்கு 'ஆஃப்லைன் ஆக்டிவேஷன்' வாங்கினான். அவர் தூரத்திலிருந்தே கணினியை இயக்கிப் போட்டுக் கொடுத்தார். ஒருநாள் நெட் இணைந்ததும் அந்த கேம் போய்விட்டது. இப்போது அவனுடைய சொந்தக் கணக்கிலும் நுழைய முடியவில்லை. மீட்டுத் தருகிறேன் என்று இன்னொருவர் 2,000 ரூபாய் கேட்கிறார். நாங்கள் நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா? ஓப்பன் சோர்ஸுக்கு மாறிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை என்கிறான் அவன் நண்பன். உண்மையா? கணக்கு திரும்பக் கிடைத்தால் அதைத் தம்பிக்கும் கொடுக்கலாமா?
- வாசகி, மதுரை

பதில்: அந்த 2,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள் அம்மா. மற்றதை அப்புறம் பார்ப்போம். மகனிடம் இதை இன்றே சொல்லிவிடுங்கள்.

'ரெக்கவரி ஏஜென்ட்' என்று சொல்லிக்கொள்பவருக்கு நிறுவனத்துக்குள் ஆள் யாரும் கிடையாது. தொலைந்த கணக்கை மீட்டுத் தரும் வேலையை ஸ்டீமின் உதவிப் பக்கமே காசு வாங்காமல் செய்கிறது. கணக்கு உங்களுடையதுதான் என்பதற்கு ஆதாரம் கேட்பார்கள்: முதலில் கொடுத்த மின்னஞ்சல், தொலைபேசி எண், கேம் வாங்கியபோது பணம் போன ரசீது. ஏஜென்ட் என்ன செய்வார்? இதே விவரங்களை உங்கள் மகனிடம் வாங்கி, இதே படிவத்தில் நிரப்புவார். நல்ல ஆளாக இருந்தால் அதோடு சரி. இல்லையென்றால் நடுவில் வரும் ஓடிபியையும் கேட்டு வாங்கி, கணக்கைத் தன் மின்னஞ்சலுக்கு மாற்றிக்கொள்வார். 350 ரூபாய்க்கு விற்றவரும் 2,000 கேட்பவரும் ஒரே கூட்டமாக இருப்பதை வழக்கு விஷயமாக என்னிடம் வரும் கட்சிக்காரர்கள் விஷயத்தில் பார்த்திருக்கிறேன். கதவைப் பூட்டியவனே சாவி விற்க வருவான்.

உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தருவது, நீங்கள் போகிறபோக்கில் எழுதிவிட்ட வரி: 'தூரத்திலிருந்தே கணினியை இயக்கிப் போட்டுக் கொடுத்தார்.' இது எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். எனிடெஸ்க் போன்ற ஒரு செயலியைக் கணினியில் போடச் சொல்வார்கள். திரையில் ஒரு எண் வரும். அதை அனுப்பச் சொல்லி, 'அக்செப்ட்' அழுத்தச் சொல்வார்கள். அதன்பின் மவுஸ் தானாக நகரும். உங்கள் மகனின் கணக்கிலிருந்து வெளியேறி, விற்பவர் தன் ஐடியில் நுழைவார். கேம் இறங்கும். ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு, ஸ்டீமை ஆஃப்லைன் முறைக்கு மாற்றிவிட்டு, 'இனிமேல் நெட்டில் திறக்காதே தம்பி' என்று சொல்லிவிட்டுப் போவார். அதே ஐடியை இப்படிப் பலருக்கு விற்றிருப்பார். இந்தக் காலத்து கேம்கள் நூறு ஜிபி வரை போகின்றன. இறங்கி முடிய மணிக்கணக்கில் ஆகும். அவ்வளவு நேரமும் பையன் திரையையே பார்த்துக்கொண்டா இருப்பான்? சாப்பிடப் போயிருப்பான். பிரவுசரில் சேமித்து வைத்த பாஸ்வேர்டெல்லாம் அங்கேயேதான் இருக்கிறது. அவனுடைய சொந்தக் கணக்கு அந்த வழியாகத்தான் போயிருக்கும் என்பது என் ஊகம்.

ஆகவே அந்தக் கணினியில் எதையும் தொடாமல், உங்கள் கைபேசியிலிருந்து முதலில் அவனுடைய மின்னஞ்சலின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். அந்தக் கணினியில் நெட் பேங்கிங் பார்த்ததுண்டு என்றால் அதையும் மாற்றுங்கள். பிறகு அந்தத் தொலை இயக்கச் செயலியை நீக்குங்கள். அதன்பின் ஸ்டீம் உதவிப் பக்கம். கணக்கு திரும்பக் கிடைத்ததும், எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றும் வசதி அதிலேயே இருக்கிறது. அதை அழுத்திவிட்டு, 'ஸ்டீம் கார்டு' (Steam Guard) என்ற கூடுதல் பாதுகாப்பு வசதியைக் கைபேசியில் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. கோபத்தில் வங்கிக்குப் போன் போட்டு, 'ஸ்டீமுக்குப் போன பணத்தையெல்லாம் திருப்பிக் கொடு' என்று கேட்டுவிடாதீர்கள். வங்கி வழியாகப் பணத்தை இழுத்தால் ஸ்டீம் அந்தக் கணக்கையே முடக்கிவிடும். பணம் திரும்ப வேண்டுமென்றால் அவர்களிடமே கேட்பதற்கு வழி இருக்கிறது: வாங்கி 14 நாளுக்குள், விளையாடியது 2 மணி நேரத்துக்குக் குறைவு என்றால் பொதுவாகக் கொடுத்துவிடுகிறார்கள்.

இனி, வழக்கு. 350 ரூபாய் விஷயத்தில் ஸ்டீமைக் கேட்க உங்களுக்கு எந்த வழியும் இல்லை. அவர்களுடைய ஒப்பந்தப்படி கணக்கை விற்கவும் முடியாது, இன்னொருவருக்கு மாற்றவும் முடியாது. அடுத்தவர் படம் ஒட்டிய பஸ் பாஸை வைத்துக்கொண்டு கண்டக்டரிடம் நியாயம் கேட்க முடியுமா? கேட்க வேண்டியது விற்றவரை. அவர் பெயர் உங்களுக்குத் தெரியாது. ஆனால் யூபிஐயில் பணம் போனதற்கான ரசீதில் ஒரு பெயரும் பரிவர்த்தனை எண்ணும் இருக்கும். அதையும், அவரோடு பேசிய சாட்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அவர் பிளாக் செய்வதற்கு முன்னால் எடுங்கள். 1930-க்கு அழைத்து சைபர் கிரைம் புகார் பதியலாம். 350 ரூபாய்க்காக யாரும் ஓடிவரப் போவதில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனாலும், சொந்தக் கணக்கும் திருடு போயிருப்பதால் புகார் எண் ஒன்று கையில் இருப்பது நல்லது.

புகார் எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். 'கேமில் பணம் போய்விட்டது' என்று ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் ஆன்லைன் ரம்மி என்றுதான் நினைப்பார். பணம் வைத்து ஆடும் ஆட்டங்களைத் தடை செய்து 2025-ல் மத்திய அரசு சட்டம் கொண்டுவந்த பிறகு இந்தக் குழப்பம் இன்னும் மோசம். வீட்டில் உட்கார்ந்து கார் ஓட்டும் கேமுக்கும் சூதாட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ஒவ்வொரு மேசையிலும் முதலிலிருந்து விளக்கி எனக்கு அலுத்துவிட்டது. அதனால் 'பணம் பெற்றுக்கொண்டு டிஜிட்டல் பொருளைத் தரவில்லை. தொலை இயக்கச் செயலி மூலம் கணக்கைக் கைப்பற்றிவிட்டார்' என்று எழுதுங்கள். ரம்மி என்ற சந்தேகமே வராது.

அந்த 9,000 ரூபாய் கதை வேறு. அது அவன் பெயரில், அவன் ரசீதில் வாங்கியது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் மின் வணிகம் என்பதற்குள் டிஜிட்டல் பொருட்களையும் சேர்த்தே சொல்கிறது. 2020-ல் வந்த மின் வணிக விதிகள், இந்திய நுகர்வோருக்குத் தொடர்ந்து விற்கும் வெளிநாட்டு நிறுவனங்களுக்கும் பொருந்தும்: புகார் போனால் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை. முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். ஆனால் ஸ்டீம் கணக்கைத் திரும்பக் கொடுத்துவிட்டால் வழக்குக்கு வேலையே இல்லை. பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். அமெரிக்காவில் இருக்கும் நிறுவனத்துக்கு மதுரையிலிருந்து நோட்டீஸ் சார்வு செய்து, வாய்தா மேல் வாய்தா வாங்கி அலைவதைவிட, ரசீதைத் தேடி எடுப்பது சுலபம்.

ஆனால் கணக்கு கிடைத்தாலும் அந்த 9,000 ரூபாய்க்கு அவன் கையில் இருப்பது என்ன? அந்த கேம்கள் அவனுக்குச் சொந்தமில்லை. விளையாட அனுமதி இருக்கிறது, அவ்வளவுதான். அனுமதி கொடுத்தவர் கடையை மூடினால் அதுவும் போகலாம். இது வெறும் பயமுறுத்தல் இல்லை. யூபிசாஃப்ட் நிறுவனம் 2014-ல் வெளியிட்ட 'தி க்ரூ' என்ற கார் ரேஸ் கேம், தனியாக விளையாடினாலும் சர்வரோடு இணைந்தால்தான் ஓடும். 2024 மார்ச் 31-ஆம் தேதி சர்வரை நிறுத்தினார்கள். காசு கொடுத்து வாங்கியவர்கள் எல்லாருக்கும் அன்றோடு முடிந்தது. பிறகு சிலருடைய கணக்கிலிருந்து உரிமத்தையே எடுத்துவிட்டார்கள். ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' என்று ஒரு இயக்கத்தைத் தொடங்கினார். சர்வரைக் காலமெல்லாம் நடத்து என்று அவர்கள் கேட்கவில்லை. நிறுத்துவதற்கு முன் கேம் தனியாக ஓடும்படி செய்துவிட்டுப் போ என்றுதான் கேட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் போட்ட அவர்களுடைய மனு 2025 ஜூலையில் 10 லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. கூச்சல் வீண் போகவில்லை: அதே யூபிசாஃப்ட், அடுத்த பாகங்களுக்கு ஆஃப்லைன் வசதி தருவதாக 2024-லேயே அறிவித்தது. அப்படியென்றால் முதல் பாகத்துக்கு ஏன் முடியவில்லை?

கலிஃபோர்னியா மாநிலம் 2024 செப்டம்பரில் ஒரு சட்டம் போட்டது: நிரந்தரமாகச் சொந்தமாகாத டிஜிட்டல் பொருளை, இது உரிமம் மட்டுமே என்று தெளிவாகச் சொல்லாமல் விற்கக் கூடாது. 2025 ஜனவரி முதல் அமல். அதற்கு முன்னதாகவே ஸ்டீம் பணம் கட்டும் பக்கத்தில் அப்படி ஒரு குறிப்பைப் போட்டுவிட்டது. இந்த ஒரு வரியைப் போடவைக்க அங்கே ஒரு சட்டம் தேவைப்பட்டது. நம் ஊரில் கேட்பார் இல்லை. முறையற்ற விளம்பரம், நியாயமற்ற ஒப்பந்தம் என்றெல்லாம் நம் சட்டத்தில் நல்ல வார்த்தைகள் இருக்கின்றன. கேம் வாங்கியவனுக்காக அதை எடுத்துப் பேசத்தான் ஆள் இல்லை.

அந்தக் கலிஃபோர்னியா சட்டமே ஒரு விதிவிலக்கு வைத்திருக்கிறது: இறக்கி வைத்துக்கொண்டு நெட் இல்லாமலே என்றைக்கும் பயன்படுத்தக் கூடியதாக இருந்தால் அந்தக் கட்டுப்பாடு இல்லை. போலந்தைச் சேர்ந்த ஜிஓஜி கடை அப்படித்தான் விற்கிறது. பூட்டு இல்லாத இன்ஸ்டாலரைக் கோப்பாகவே கொடுத்துவிடும். ஹார்டு டிஸ்கில் ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டால் கடை மூடினாலும் கவலையில்லை. முறைப்படி வாங்கிய மென்பொருளுக்குப் பாதுகாப்புப் பிரதி எடுத்து வைக்க நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் இடம் தருகிறது. மகன் அடுத்து எதையாவது வாங்கும் முன் அங்கே கிடைக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எல்லாமே அங்கே கிடைக்காது.

இனி, ஓப்பன் சோர்ஸ் (யாரும் எடுத்துத் திருத்தலாம் என்று நிரலை வெளியே கொடுத்துவிட்ட மென்பொருள்) பற்றி அந்த நண்பன் சொன்னது. பாதி சரி. அந்த மறுபாதியை வைத்துத்தான் ஏமாற்றுகிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு கேமில் இரண்டு பகுதி உண்டு. ஓட்டுகிற நிரல் ஒன்று. படம், சத்தம், பாத்திரம், களம் எல்லாம் சேர்ந்தது இன்னொன்று. 'ஐடி சாஃப்ட்வேர்' என்ற நிறுவனம் 1993-ல் வெளியிட்ட 'டூம்' கேமின் நிரலை 1997-ல் வெளியே கொடுத்தது. 1999-ல் அதை, யாரும் திருத்திப் பகிரலாம் என்று அனுமதிக்கும் ஜிபிஎல் என்ற உரிமத்துக்கு மாற்றியது. 'குவேக்' என்ற தன் இன்னொரு கேமின் நிரலையும் அதே ஆண்டு கொடுத்தது. இன்றைக்கும் டூம் எந்தக் கணினியில் வேண்டுமானாலும் ஓடுகிறதென்றால் அதனால்தான். இருபது வருடம் கழித்தும் யாரோ ஒருவர் அதைப் புது விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் ஏற்பத் திருத்திக்கொண்டே இருக்க முடிகிறது. தி க்ரூவுக்கு அப்படிச் செய்ய ஆளில்லாமல் இல்லை. நிரல்தான் கையில் இல்லை. ஆனால் டூமின் படங்களும் சத்தமும் இன்றும் நிறுவனத்துக்கே சொந்தம். நிரல் இலவசம் என்பதால் கேமே இலவசம் ஆகிவிடாது. அதற்காகவே 'ஃப்ரீடூம்' என்று ஒரு குழு படம், சத்தம், களம் எல்லாவற்றையும் புதிதாக வரைந்து இலவசமாகக் கொடுக்கிறது. அதை அந்த நிரலோடு சேர்த்தால்தான் முழுசாகச் சுதந்திரமான கேம்.

இந்த வித்தியாசம் தெரியாதவர்களைக் குறிவைத்துத்தான் 'ஓப்பன் சோர்ஸ் கேம் பேக், 500 கேம்' என்று ஹார்டு டிஸ்கில் போட்டு விற்கிறார்கள். பிரித்துப் பார்த்தால் 'சூப்பர்டக்ஸ்கார்ட்', 'ஓப்பன்டிடிடி', 'வெஸ்நாத்' மாதிரி நாலைந்து உண்மையான இலவச கேம் மேலே இருக்கும்; கீழே முழுக்கப் பூட்டு உடைத்த கேம்கள். அந்த நாலைந்தைக் காசுக்கு விற்றதில் தப்பில்லை. ஜிபிஎல் உரிமம் விலை வாங்குவதைத் தடுக்கவே இல்லை; மூல நிரலையும் அதே உரிமத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அவற்றின் அதிகாரப்பூர்வத் தளத்தில் சும்மா இறக்கிக்கொள்ளக் கூடியதற்கு ஏன் காசு? மீதி உடைத்த கேம்கள் சட்டப்படி குற்றம். தெரிந்தே பயன்படுத்தினால் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு பயன்படுத்துபவர் மேலேயும் பாயும். வியாபாரத்துக்கு இல்லாமல் வீட்டில் மட்டும் என்றால் நீதிமன்றம் சிறை இல்லாமல் 50,000 ரூபாய் வரை அபராதத்தோடு விடலாம். 'ஓப்பன் சோர்ஸ் என்று சொன்னார்கள்' என்பது அங்கே எடுபடுமா என்று பரிசோதிக்க வேண்டாம்.

நண்பன் விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் ஓப்பன் சோர்ஸ் இயங்குதளமான லினக்ஸைச் சொல்லியிருந்தால் அதுவும் நல்ல யோசனைதான். ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் 2018-ல் கொடுத்த புரோட்டான் என்ற மென்பொருள் வழியாக விண்டோஸ் கேம்கள் நிறைய அதில் ஓடுகின்றன. ஆன்லைனில் பலரோடு சேர்ந்து ஆடும் சில கேம்கள் மட்டும் ஓடாது. ஆட்டத்தில் ஏமாற்றுபவர்களைப் பிடிக்க அவற்றில் வைத்திருக்கும் மென்பொருள் லினக்ஸை ஏற்காது. மகன் ஆடுவது அதுதானா என்று முதலில் கேளுங்கள். இல்லாவிட்டால் கணினியை மாற்றிவிட்டு வீட்டில் சண்டைதான் மிஞ்சும்.

தம்பிக்குக் கணக்கைக் கொடுக்க வேண்டாம், பாஸ்வேர்டையும் சொல்ல வேண்டாம். ஸ்டீமில் குடும்பக் குழு வசதி இருக்கிறது. ஒரே வீட்டில் இருப்பவர்கள் ஆறு பேர் வரை தங்கள் தங்கள் கணக்கை வைத்துக்கொண்டே அண்ணன் வாங்கிய கேமை ஆடலாம். ஒன்று மட்டும்: அண்ணன் வாங்கிய கேமில் தம்பி ஏமாற்றி ஆடி மாட்டினால், அந்த கேமில் அண்ணனுக்கும் சேர்த்தே தடை விழும். குழுவில் சேர்ப்பதற்கு முன் சின்னவனை உட்காரவைத்து இதைச் சொல்லிவிடுங்கள்.