உயர்தர மாணவருக்கு இலவசத் தகுதிப் பரீட்சை

கேள்வி: அமெரிக்காவின் சில மாநிலங்களில் அரச பாடசாலை மாணவர் எல்லோருக்கும் கல்லூரித் தகுதிப் பரீட்சை இலவசமாக நடத்தப்படுவதாக அறிந்தேன். இங்கே இலங்கையில் உயர்தரப் பரீட்சைக்கே பாடசாலைப் பிள்ளைகள் பணம் கட்டுவதில்லை. அப்படியிருக்க, அத்தகைய ஏற்பாட்டால் நமக்கு என்ன பயன்?
– ஒரு தந்தை, வெல்லாவெளி

பதில்: பெரும் பயன் உண்டு என்றே நம்புகிறேன். மிச்சிகன் மாநிலத்தில் முன்பு, விரும்பியவர்கள் மட்டும் பணம் கட்டிப் பதிந்து, சனிக்கிழமையில் பரீட்சை நிலையம் தேடிச் சென்று ஏ.சி.ரி. எனும் கல்லூரித் தகுதிப் பரீட்சையை எழுதினர். 2007 முதல் பதினோராம் தரத்து மாணவர் அனைவரும் தத்தம் பாடசாலையிலேயே, பாடசாலை நாளொன்றில், இலவசமாக அதற்குத் தோற்றினர். இம்மாற்றத்தை ஆராய்ந்த பொருளியலாளர் ஜோசுவா ஹைமன், முன்பு தகுதிப் புள்ளி பெற்ற வறிய மாணவர் பத்துப் பேருக்கு, அதே ஆற்றல் இருந்தும் பரீட்சைப் பக்கமே வராதவர் ஏறத்தாழ ஐவர் இருந்தனர் எனக் கண்டார். ஆயினும் பல்கலைக்கழகம் சென்றோர் தொகை சிறிதளவே கூடியது. புள்ளியைக் கையில் கொடுத்தவர்கள் அடுத்த வழியையும் காட்டியிருக்க வேண்டும்.

நம் பிள்ளைகளுக்கும் அந்த வழிகாட்டலே குறைவு. மட்டக்களப்பும் அம்பாறையும் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்குப் பல்கலைக்கழக அனுமதியில் வழங்கப்படும் 5 வீத மேலதிக ஒதுக்கீட்டுக்குரியவை. அந்த வாய்ப்பைப் பெறுவதற்கும் மூன்று பாடச் சித்தியுடன், உயர்தரத்தோடு சேர்த்து எழுதும் பொதுச் சாதாரணப் பரீட்சையில் 30 புள்ளியாவது வேண்டும். மூன்று பாடங்களுக்கும் ரியூசனுக்கு ஓடும் பிள்ளை, அந்த வினாத்தாளைக் கடைசி வாரத்தில்தான் புரட்டுகிறது. சில கற்கைநெறிகளுக்குத் தனியான பரீட்சையும் உண்டு: மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலைக்கு உளச்சார்புப் பரீட்சை, கல்லடி சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் இசைக்கும் நடனத்துக்கும் செய்முறைப் பரீட்சை. இவற்றுக்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டும் என்பதை அறியாமல், திறமையுள்ள பிள்ளை வாய்ப்பை இழப்பது மிகவும் வேதனைக்குரியது.

ஆகவே தரம் 12 முடியும்போதே பட்டிருப்பு, கல்குடா, திருக்கோவில் போன்ற கல்வி வலயங்களில் ஒரு பாடசாலை நாளை ஒதுக்கி, பொதுச் சாதாரண வினாத்தாளையும் பாட வினாத்தாள்களையும் எல்லோருக்கும் இலவசமாக வைக்கலாம். உயர்தரத்துக்குச் சற்று முன்னர் நடக்கும் மாதிரிப் பரீட்சை, பிழையைத் திருத்திக்கொள்ள அவகாசம் தருவதில்லை. திருத்திய விடைத்தாளை மாணவரிடமே கொடுத்து, ஆசிரியர் அருகில் இருத்தி, எங்கே புள்ளி போயிற்று, எந்தக் கற்கைநெறிக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும் என்று விளக்குவதே இதில் முக்கியமான பகுதி.

அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இதனை அதிபரிடம் எடுத்துக் கூறுங்கள். விடைத்தாள் திருத்துவதற்கு, கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வந்தாறுமூலை வளாகத்தில் பயிலும் உங்கள் ஊர்ப் பிள்ளைகளின் உதவியையும் கேட்கலாம்.