குளிரும் கெடுக்கும்

கேள்வி: வெளிநாட்டு நிதியில் ஆப்பிரிக்கக் கிராமங்களுக்குப் போகும் தடுப்பூசி, மின்சாரம் இல்லாத இடத்தில் வெயிலில் கெட்டுப்போகாதா? (விருதுநகர் வாசகி)

பதில்: வெயிலில் கெட்டால் குப்பியே காட்டிக்கொடுத்துவிடும். அதன்மேல் ஒரு வட்டமும் அதற்குள் ஒரு சதுரமும் அச்சிட்டிருக்கும், வி.வி.எம். என்பார்கள். சதுரம் வட்டத்தைவிட வெளிறியிருக்கும்வரை ஊசி போடலாம். வெப்பம் படப்படச் சதுரம் கறுக்கும். இரண்டும் ஒரே நிறமாகிவிட்டால், காலாவதித் தேதிக்கு இன்னும் நாள் இருந்தாலும் தூக்கிப்போட வேண்டியதுதான்.

உண்மையில் ஏமாற்றுவது குளிர். பென்டாவேலன்ட் (ஐந்து நோய்களுக்கு ஒரே ஊசி), ஹெபடைடிஸ் பி, ரண ஜன்னி ஊசிகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைக்க வேண்டும். உறைந்தால் மருந்தைத் தாங்கும் அலுமினிய உப்பு திரிதிரியாகிவிடும். பிறகு உருகினாலும் பழைய வீரியம் திரும்பாது. வி.வி.எம். இதைக் காட்டாது. குழந்தைக்கு ஊசி போட்டதாகக் கணக்கில் ஏறும், பாதுகாப்புதான் ஏறாது.

பெரும்பாலும் இது அதிக அக்கறையால் நடக்கிற தவறு. ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே ஊசி கொண்டுபோகும் கேரியர் பெட்டியில் அடுக்கி, ஒட்டினாற்போல் குப்பிகளை வைத்துவிடுகிறார்கள். ஐஸ் பேக்கை முதலில் வெளியே வைக்க வேண்டும். குலுக்கினால் உள்ளே தண்ணீர் சலசலக்க வேண்டும். அதன் பிறகே கேரியருக்குள் போகலாம்.

உறைந்திருக்குமோ என்று சந்தேகம் வந்தால் குலுக்கிப் பார்க்கும் சோதனை இருக்கிறது. அதே நிறுவனத்தின் அதே தொகுதிக் (பேட்ச்) குப்பி ஒன்றை வேண்டுமென்றே கட்டியாக உறையவைத்து, சூடு காட்டாமல் உருகவிட வேண்டும். அதையும் சந்தேகக் குப்பியையும் சேர்த்துக் குலுக்கி, பக்கத்தில் பக்கத்தில் வைத்து அரை மணி நேரம் கவனிக்க வேண்டும். சந்தேகக் குப்பியில் வண்டல் அதே வேகத்திலோ அதைவிட வேகமாகவோ அடியில் படிந்தால் அதுவும் உறைந்ததே. தட்டம்மை, பி.சி.ஜி. ஊசிகளுக்கு இந்தச் சோதனை வேண்டாம். அவை தூளாக வருபவை, உறைபனி ஒன்றும் செய்யாது. தூளைக் கரைக்கும் திரவத்தை மட்டும் உறையவிடக் கூடாது, கண்ணாடி விரிசல் விடும்.

மின்சாரத்துக்கு வருவோம். மண்ணெண்ணெய்க் குளிர்ப்பெட்டிகளில் வெப்பநிலையை நிலையாக வைக்க முடியவில்லை. அடுத்து வந்தது பேட்டரி சோலார். மூன்று முதல் ஐந்து ஆண்டில் பேட்டரி போய்விடும். அதற்குள் நன்கொடைத் திட்டமும் முடிந்திருக்கும். புது பேட்டரி வாங்க யார் கணக்கிலும் பணம் இருக்காது. இப்போது தரும் நேரடி சோலார் பெட்டிகளில் குளிரைச் சேமிக்கப் பேட்டரி இல்லை. பகல் வெயிலில் உள்ளே பனிக்கட்டி கட்டும், இரவில் அதுவே காக்கும். சூரியன் தலைகாட்டாவிட்டாலும் குறைந்தது மூன்று நாள் தாங்கினால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் அங்கீகாரம் கிடைக்கும். அதற்காகப் பராமரிப்பே வேண்டாம் என்று நினைத்துவிடக் கூடாது. சோலார் பலகையில் தூசி படிந்தாலோ, பக்கத்து மரம் வளர்ந்து நிழல் விழுந்தாலோ பனிக்கட்டி கட்டாது. பெட்டி வாங்கிக் கொடுப்பவர்கள் பலகை துடைப்பவருக்கும் மெக்கானிக்குக்கும் பணம் ஒதுக்காவிட்டால் அந்த உதவி அரைகுறைதான்.

கேள்வி: தடுப்பூசிக்கு அந்த நாடுகள் ஒன்றுமே தருவதில்லையா? (கோவை)

பதில்: தருகின்றன. 2000-இல் தொடங்கிய ‘கவி’ (Gavi) என்ற சர்வதேசத் தடுப்பூசிக் கூட்டணி, பெரும்பாலும் யுனிசெஃப் வழியாக வாங்கிக் கொடுக்கிறது. மிகவும் ஏழை நாடுகளுக்கு நீண்டகாலம் டோஸுக்கு 20 அமெரிக்க சென்ட் என்று பங்கு வைத்திருந்தார்கள். வருமானம் உயர உயரப் பங்கும் கூடும். தொகை சிறிதுதான், ஆனால் பட்ஜெட்டில் தடுப்பூசிக்கென்று ஒரு வரி எழுதியாக வேண்டுமே, அதுதான் நோக்கம்.

கேள்வி: வெளிநாட்டில் பேரிடர் வந்தால் வீட்டில் மீந்த மாத்திரைகளை அனுப்பலாமா? (திருச்சி)

பதில்: வேண்டாம். 2004 சுனாமிக்குப் பின் இந்தோனேசியாவின் ஆச்சே பகுதியில் சுமார் 4,000 டன் மருந்து வந்து குவிந்தது. உள்ளூர் மருத்துவர்களால் படிக்க முடியாத மொழியில் பல லேபிள்கள். பிரித்து அடுக்கவும் அழிக்கவுமே ஆளும் செலவும் தேவைப்பட்டன. வந்து சேரும்போது பொதுவாகக் குறைந்தது ஓராண்டு ஆயுள் மிச்சமிருக்க வேண்டும், நோயாளிக்குக் கொடுத்துத் திரும்பிய மருந்து கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். அவர்கள் கேட்ட பட்டியலில் இல்லாததை அனுப்பாதீர்கள், பணமாகக் கொடுங்கள்.